டிரக்டருக்குப் பின்னால் ஒருதரம் வாருங்கள்

திருகோணமலை,
23.04.2025

திருகோணமலை மாவட்டத்தின் 13 உள்ளூராட்சி சபைகளுக்கும் போட்டியிடுகிற வேட்பாளர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். நான் இந்த மாவட்டத்தில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். காலையில் இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் சோற்றுப் பார்சல். உங்களிடம் கேட்கப் போவது குப்பையைப் பற்றி. கடை எந்தச் சபையின் எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் இது அந்த ஒரு சபையின் கதையாகிவிடும். மற்றப் பன்னிரண்டு சபைக்காரரும் "நல்ல காலம், எங்களை இல்லை" என்று போய்விடுவீர்கள்.

புத்தாண்டுக்கு முந்தின வாரம் உங்களில் ஒருவர் கடைக்கு வந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர், ஆளுக்கொரு கட்டு நோட்டீஸ். அவர் கழுத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் மாலை. என் மகன் வயது இருக்கும். "அம்மா, இந்தமுறை எங்களுக்குத்தான்" என்று கையைப் பிடித்தார். நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். பத்து வாக்குறுதி. ஒன்பதாவது: "சுற்றாடல் பாதுகாக்கப்படும்." அவ்வளவுதான்.

"எப்படித் தம்பி பாதுகாப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் பெரிய வேலைத்திட்டம் இருக்கு அம்மா."

"சரி. உங்கட கழுத்தில கிடக்கிற மாலை 2023 ஒக்டோபர் முதலாம் திகதியில இருந்து தடை. தெரியுமா?"

பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. உடனே கழற்றிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அதை என் கடை வாசல் வாளிக்குள் போட்டுவிட்டு நடந்தார். இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. எந்த வாளிக்குள் போடுவது என்று தெரியாமல் ஆணியில் கொழுவி வைத்திருக்கிறேன்.

அந்தத் தடை எனக்கு ஏன் நினைவிருக்கிறது என்றால், அதே பட்டியலில்தான் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருந்தது. ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பை, பிளாஸ்டிக் சாப்பாட்டுத் தட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கு முதல், 2017 செப்டெம்பரில், சோறு சுற்றுகிற பிளாஸ்டிக் தாளான லஞ்ச் சீட்டையும், வெள்ளை நுரைப் பெட்டியான ரெஜிபோம் பெட்டியையும் தடை செய்தார்கள். என்னைப் பிழை இல்லாதவளாகக் காட்டிக்கொண்டு இந்த மடலை எழுத முடியாது. நானும் லஞ்ச் சீட்டில்தான் சோறு கட்டுகிறேன். மொத்தக் கடையில் "இது மக்கும் அக்கா, பயப்படாதீங்க" என்று தந்தார்கள். ஒன்றை எடுத்து வீட்டு வாழைக்கு அடியில் தாட்டுப் பார்த்தேன். ஒரு மாரி போய் அடுத்த மாரியும் வந்தது. கிண்டி எடுத்தால், கழுவி இன்னொரு பார்சல் கட்டலாம் போல் இருந்தது.

வாழையிலைக்கு மாறலாம்தானே என்று கேட்பீர்கள். ஒரு மாதம் மாறிப் பார்த்தேன். இலைக்காசு சேர்ந்து பார்சல் விலை கூடியது. சனம் பத்து யார் தள்ளி இருக்கிற மற்றக் கடைக்குப் போனது. வீட்டில் இருந்து பாத்திரம் கொண்டு வந்தால் 20 ரூபா குறைப்பேன் என்று பலகையும் எழுதி வைத்தேன். ஆறு பேர் கொண்டு வந்தார்கள். அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர். நான் ஒருத்தி மாறினால் நட்டம் எனக்கு மட்டும். எல்லாக் கடைக்கும் ஒரே விதி, ஒரே நாளில், சரிபார்க்க ஒரு ஆள் என்று வந்தால் யாருக்கும் நட்டமில்லை. அந்த விதியைக் கொண்டுவரவும் கடை கடையாகப் பார்க்கவும் இடம் சபையில்தான் இருக்கிறது. இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். புவி வெப்பமாவதை நிறுத்தித் தாருங்கள் என்று கேட்கவில்லை.

பட்டினத்துக்கு வந்துபோகிறவர்கள் மானைப் பார்த்திருப்பீர்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்கள் ரோட்டைக் கடந்து, கடைத்தெரு, பஸ் நிலையப் பக்கம் எல்லாம் ஆடு மாதிரித் திரிகின்றன. வெளியூர்க்காரர் நின்று படம் எடுப்பார்கள். போன மாசியில் சாமான் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண்மானைப் பார்த்தேன். வாய்க்குள் பாதி, வெளியே பாதியாக ஒரு லஞ்ச் சீட். மீன்குழம்பு மணத்துக்குத்தான் அது தின்றிருக்க வேண்டும். பிடித்து இழுக்கலாம் என்று கிட்டப் போனேன். அது தலையை உதறிக்கொண்டு ஒரு லொறிக்குப் பின்னால் போய் நின்று மிச்சத்தையும் விழுங்கியது. யார் கடைப் பார்சல் அது? என்னுடையதாகவும் இருக்கலாம். பஸ்ஸில் போகிற பிள்ளைகள் என்னிடமும்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

மேடைகளில் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கள் கடைக்கு எதிரே ஒலிபெருக்கி, கேட்காமல் இருக்க வழியில்லை. 99 எண்ணெய்த் தாங்கி யாருக்கு, துறைமுகம் யாருக்கு, கடலில் திமிங்கிலம், புறாமலைத் தீவுப் பவளப்பாறை என்று எல்லாம் வருகிறது. நல்ல விஷயம்தான். சம்பூரைப் பற்றிப் பேசாத கட்சியே இல்லை. அங்கே 500 மெகாவாட் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று சனம் எவ்வளவு பயந்து கிடந்தது என்று எனக்குத் தெரியும். 2006இல் போரால் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களுக்கு நிலக்கரிச் சாம்பலா என்று கேட்டோம். கடைசியில் 2016 செப்டெம்பரில், அதைக் கட்டப் போவதில்லை என்று அரசாங்கமே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. இந்த மாதம் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தபடியே அங்கே 120 மெகாவாட் சூரியமின் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். ஆனால் ஒன்றைச் சொல்லுங்கள்: அதில் எந்தப் பிரதேச சபை உறுப்பினர் எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார்? அவை எல்லாம் கொழும்பிலும் டெல்லியிலும் முடிவாகிறவை. உங்கள் கையில் இல்லாததைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு, கையில் இருப்பதற்கு ஒன்பதாவது வரியில் இரண்டு சொல் தருகிறீர்கள்.

கையில் இருப்பது என்ன என்று எனக்கும் வடிவாகத் தெரியாமல்தான் இருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு வருகிற ஓய்வுபெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். மாநகரசபைக் கட்டளைச் சட்டத்தில் 129, 130, 131ஆம் பிரிவுகள். நகரசபைக் கட்டளைச் சட்டத்தில் 118, 119, 120. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 93, 94, 95. சட்டம் மூன்று, சாரம் ஒன்று. தெருவிலும் வீட்டிலும் சேர்கிற குப்பையை அள்ளுவது சபையின் கடமை. அள்ளினவுடனே அது சபையின் சொத்து. அதை யாருக்கும் தொல்லை வராத மாதிரி அகற்றுவதற்கு இடமும் ஏற்பாடும் செய்வதும் சபைதான். "சொத்து" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயா சிரிக்கவில்லை. "பிள்ளை, காணிக்கு உறுதி இருக்கிற மாதிரி, குப்பைக்கும் சொந்தக்காரன் இருக்கிறான். அதுதான் இதில விஷயம்" என்றார்.

இனி என் ஒழுங்கைக் கதை.

போன வருடம் தரம்பிரித்துப் போடச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பச்சை வாளியில் உக்குவது, மற்றதில் பிளாஸ்டிக், இன்னொன்றில் போத்தலும் தகரமும். எனக்கு உண்மையிலேயே சந்தோசம். சாப்பாட்டுக்கடையில் ஒரு நாளைக்கு என்ன சேரும் என்று நினைக்கிறீர்கள்? மீன் செதிளும் குடலும், வெங்காயத் தோல், திருவிய தேங்காய்ப்பூவின் சக்கை, வடித்த கஞ்சி, தின்று மிஞ்சின சோறு. முக்கால்வாசி உக்குகிற சாமான்தான். கடைப் பெடியனுக்குப் பழக்க ஒரு மாதம் எடுத்தது. சொதிப் பாக்கெட்டைக் கழுவிக் கொடியில் காயப்போட்டோம். அயல்காரர் பார்த்துச் சிரித்தார்கள்.

குப்பை அள்ளுகிற சபை டிரக்டர் செவ்வாய்க்கிழமைகளில் வரும், காலை ஏழரை போல. முதல் செவ்வாய் நான் வாளிகளை வரிசையாக வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு நிற்கிற பிள்ளை மாதிரி வாசலில் நின்றேன். பெட்டியில் வந்த தொழிலாளி மூன்று வாளியையும் தூக்கி ஒரே பெட்டிக்குள் கவிழ்த்தார். மீன் குடலுக்கு மேல் நான் கழுவிக் காயவைத்த பாக்கெட்டுகள். "தம்பி, வேறவேற எல்லோ!" என்று கத்தினேன். "அக்கா, பெட்டி ஒண்டுதான்" என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். கையில் உறையும் இல்லை, காலில் சப்பாத்தும் இல்லை. இரண்டாக மறிக்க ஒரு பலகை போதும். அந்தப் பலகையைக் கூட யாரும் வாங்கிப் போடவில்லை.

மூன்றாவது செவ்வாய் எனக்குப் பொறுக்கவில்லை. கடையைப் பெடியனிடம் விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து டிரக்டருக்குப் பின்னாலேயே போனேன். ஓட்டோக்காரர் என்னை விசரி என்று நினைத்திருப்பார். கல் ரோடு முடிந்து மண் ரோடு, மண் ரோடு முடிந்து ஒரு தாழ்ந்த நிலம். ஒரு பக்கம் கண்டல் மரங்கள், வேரெல்லாம் தண்ணீருக்குள். மறுபக்கம் மலை. கல்மலை இல்லை, குப்பைமலை. ஓரத்தில் புகைந்துகொண்டிருந்தது. மாடுகள், கொக்கு, நாய், இரண்டு பெண்கள் இரும்புக் கொக்கியால் போத்தல் பொறுக்கிக்கொண்டு. மலையின் அடியில் இருந்து தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு நீர் கசிந்து கண்டலுக்குள் போனது. அந்தக் கண்டலுக்குள்தான் இறால் குஞ்சு வளரும், நண்டு வளரும். அந்த இறாலைத்தான் நான் கிலோக் கணக்கில் வாங்கிக் குழம்பு வைக்கிறேன்.

கிட்டத்தில் நாலைந்து வீடு இருந்தது. ஒரு வயசான ஐயா வெளியே வந்து, நான் சபை ஆள் என்று நினைத்து ஏசினார். ஏச்சை வாங்கிக்கொண்டு வந்தேன். வாங்கவேண்டிய ஆள்தான் நான்.

குப்பைமேடு வாக்குக் குறைந்த இடத்துக்குத்தான் போகும் என்பது என் அபிப்பிராயம். தமிழ்ப் பட்டினம் முஸ்லிம் கிராமத்தின் ஓரத்தைப் பார்க்கும், முஸ்லிம் ஊர் தமிழ் ஊரின் ஓரத்தைப் பார்க்கும், எல்லாரும் சேர்ந்து காட்டைப் பார்ப்பார்கள். காட்டில் யானை இருக்கிறது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் 2022 சனவரியில் செத்துக் கிடந்த இரண்டு யானைகளின் வயிற்றில் இருந்ததும் பொலித்தீன்தான். மனிதர்கள் செத்த கதை உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 32 பேர் போனார்கள். அது கொழும்பு மாநகரத்தின் குப்பை. விழுந்தது கொலன்னாவைக்காரரின் வீடுகள் மேல். சரிவதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே அந்தச் சனம் வேண்டாம் வேண்டாம் என்று ரோட்டில் இறங்கிக் கத்தியது.

இரண்டு வருடம் சபையே இல்லாமல் இருந்தோம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19உடன் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க இருந்த தேர்தல், காசில்லை என்று நின்றது. உச்ச நீதிமன்றம் அது உரிமை மீறல் என்று போன ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. இடையில் செயலாளர்மார் நடத்தினார்கள். அப்போதும் டிரக்டர் வந்தது, செவ்வாய்க்கிழமைதான் வந்தது, ஒரே பெட்டிதான் வந்தது. அதனால் கோபிக்காமல் ஒன்று கேட்கிறேன். டிரக்டரை ஓட்ட உறுப்பினர் தேவையில்லை என்று நாங்கள் கண்டுகொண்டோம். பிறகு நீங்கள் எதற்கு? பெட்டியை இரண்டாக மறிப்பது, உக்குவதைப் பசளையாக்க ஒரு இடம் ஒதுக்குவது, அந்தத் தாழ்ந்த நிலத்துக்கு டிரக்டர் போவதை நிறுத்துவது. இவற்றுக்கு ஒரு தீர்மானம் வேண்டும், வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி வேண்டும், அயல் சபையோடு இருந்து கதைக்க ஒரு ஆள் வேண்டும். இந்த வேலைக்குத்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அனுமதிப்பத்திரம் பற்றியும் கொஞ்சம். ஒவ்வொரு வருடமும் வியாபார அனுமதிக்குக் காசு கட்டுகிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ ஐயா வருவார், பல்லி இருக்கிறதா, சமையல்காரருக்கு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பார். நல்ல மனிதர். ஆனால் கஞ்சித் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் எங்கே போகிறது என்று ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன், ஏனென்றால் அது பின்னால் இருக்கிற வடிகானுக்குள் போகிறது. கிளாக்கர் ஐயா இதையும் எழுதித் தந்தார். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் என்று ஒன்று இருக்கிறது. பெரிய தொழிற்சாலைக்கு அதை மத்திய சுற்றாடல் அதிகாரசபை கொடுக்கும். சின்ன விடுதி, பேக்கரி, கராஜ் போன்ற பாதிப்புக் குறைந்த தொழில்களுக்குக் கொடுக்கிற அதிகாரத்தை உள்ளூராட்சி சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கட்டட வரைபடத்தை அங்கீகரிப்பதும் நீங்கள்தான்.

உப்புவெளியில் இருந்து நிலாவெளி, இறக்கண்டி வரைக்கும் கடற்கரையோடு எத்தனை விடுதி வந்துவிட்டது என்று பாருங்கள். வரட்டும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது. நானே இரண்டு விடுதிக்கு இடியப்பம் கொடுக்கிறேன். புறாமலை 2003இல் இருந்து தேசியப் பூங்கா, அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு, அதற்குள் நீங்கள் கால் வைக்க முடியாது. கடல் சூடாகிப் பவளப்பாறை வெளுப்பதையும் உங்களால் தடுக்க முடியாது. ஆனால் எதிரே கரையில் இருக்கிற விடுதியின் மலக்குழி மணலுக்குள் ஊறுகிறதா, மலக்குழியை உறிஞ்சுகிற கலி பவுசர் அள்ளிக்கொண்டு போனதை எங்கே ஊற்றுகிறது என்று கேட்கலாம். அது வரைபடத்துக்கு நீங்கள் குத்துகிற முத்திரைக்குள் வருகிற விஷயம். எந்தெந்த விடுதிக்கு உரிமம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒரு பட்டியலை சபை வாசலில் ஒட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நாங்கள் எழுதிக் கேட்டால் தரத்தான் வேண்டும். கேட்காமலே ஒட்டினால் எல்லாருக்கும் தபால் செலவு மிச்சம். என் கடைப் பெயரையும் ஒட்டுங்கள்.

வடிகானைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் விடியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். இங்கே மழை ஒக்டோபரில் தொடங்கும். வடிகானைத் துப்புரவாக்குவது டிசம்பரில், வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு, மண் அள்ளுகிற பெக்கோ இயந்திரத்தோடும் கமராவோடும். அள்ளின சேற்றை வடிகான் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள், அடுத்த மழை திரும்ப உள்ளே தள்ளும். தேங்கின தண்ணீரில் நுளம்பு. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று அந்த வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். செப்டெம்பரில் செய்ய வேண்டிய வேலை இது. பெக்கோ வாடகை செப்டெம்பரிலும் அதேதான்.

சிரமதானத்துக்குக் கூப்பிட்டால் வருவேன், சோறும் தருவேன். ஆனால் போனமுறை நடந்ததை மறக்க முடியவில்லை. அரசாங்கத்தின் "கிளீன் ஸ்ரீலங்கா" திட்ட ரீசேர்ட்டோடு ஐம்பது பேர் கடற்கரையைக் கூட்டினார்கள். படம் எடுத்தார்கள். நாற்பது மூட்டை கட்டிக் கரையில் வைத்தார்கள். மூட்டையை ஏற்ற டிரக்டர் அடுத்த செவ்வாய்தான் வந்தது. அதற்குள் நாய் கிழித்து, காகம் இழுத்து, காற்று அடித்து, கடற்கரை பழையபடி வந்துவிட்டது.

பெரிய வேலைத்திட்டம் எனக்கு வேண்டாம். உங்கள் நோட்டீசின் ஒன்பதாவது வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு இடத்தின் பெயரையும் ஒரு மாதத்தின் பெயரையும் எழுதுங்கள். எங்கள் வட்டாரத்துக் குப்பை இந்த இடத்துக்குப் போகும், உக்குவது தனியாக இந்த மாதத்தில் இருந்து போகும் என்று. சபையின் ஆயுள் நாலு வருடம். மாதத்தைப் பிந்திப் போட்டாலும் பரவாயில்லை, போட்டால் சரி. தெரியாது என்றால் "இன்னும் தெரியாது" என்று எழுதுங்கள். அப்படி எழுதுகிற ஒருவருக்கு என் வாக்கைப் போட நான் கிட்டத்தட்டத் தயார்.

பிரசாரம் மே 3ஆம் திகதி நள்ளிரவோடு முடிகிறது. அதற்கு முதல் ஒரு செவ்வாய் இருக்கிறது, 29ஆம் திகதி. டிரக்டர் ஏழரைக்கு வரும். எந்தக் கட்சி என்று பார்க்க மாட்டேன், ஓட்டோக் காசு நான் தருகிறேன், இடியப்பமும் கட்டித் தருகிறேன். பாத்திரம் மட்டும் கொண்டு வாருங்கள். டிரக்டர் போகிற இடம் வரைக்கும் போய் வருவோம். மாலைக்குச் சொந்தக்காரத் தம்பி வந்தால் அதையும் கையோடு கொண்டுபோகலாம்.

அதற்கு அடுத்த செவ்வாய் மே 6, வாக்களிப்பு. அன்று டிரக்டர் வருமா தெரியாது. குப்பை எப்படியும் சேரும்.

இப்படிக்கு,
சாப்பாட்டுக்கடைக்காரி ஒருத்தி